புது பம்பர், பழைய பிக்கப்: மாட்டுமா, மாட்ட வைக்கணுமா?

(எபிசோடில் பேசியதை, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் சாஃப்ட்வேர் கிடையாது, முழுக்க இரும்பு.

ராஜகீழ்ப்பாக்கத்துல இருந்து ஒருத்தர் கேள்வி அனுப்பியிருந்தார். அவங்க அப்பா கேட்டரிங் பண்றார். அண்டா, அடுப்பு, சிலிண்டர் எல்லாம் ஏத்திட்டுப் போறது ஒரு பழைய பிக்கப். கல்யாண மண்டப வாசல்ல ரிவர்ஸ் எடுக்கும்போது தூண்ல இடிச்சு, பின் பம்பர் வில்லு மாதிரி வளைஞ்சிடுச்சு. அந்த மாடல் பம்பர் இப்போ லேசுல கிடைக்கல. ஆனா அதே கம்பெனியோட அடுத்த மாடல் பம்பர் புதுப்பேட்டையில செகண்ட் ஹேண்ட்ல இருக்கு, விலையும் பரவாயில்ல. அடுத்த மாசம் எஃப்.சி. வேற வருது. அதை வாங்கி இதுல மாட்டலாமா?

வண்டி என்ன கம்பெனின்னும் எழுதியிருந்தார். நான் அதைச் சொல்லல, ஏன்னா பதில் எந்தக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சேலையூர் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு டிங்கர் அண்ணன் இருக்கார். அவர்கிட்ட கேட்டேன்: "ண்ணா, புது மாடல் பம்பர் பழைய வண்டிக்கு மாட்டுமா?" அவர் நிமிர்ந்துகூட பார்க்கல. "மாட்ட வெச்சிடலாம் தம்பி" அப்படின்னார்.

கவனிச்சீங்களா? நான் கேட்டது 'மாட்டுமா'ன்னு. அவர் சொன்னது 'மாட்ட வெச்சிடலாம்'னு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற அந்த 'வெச்சி'க்குள்ளதான் கேஸ் கட்டர், வெல்டிங் ராடு, ரெண்டு நாள் கூலி, எஃப்.சி.ல வர்ற கேள்வி, பின்னாடி வர்ற பைக்காரரோட முட்டி எல்லாமே இருக்கு. இன்னைக்குப் பேசப் போறது அந்த ஒரு வார்த்தையைப் பத்தித்தான்.

முதல்ல பம்பர்னா என்னன்னு பார்ப்போம். கண்ணுக்குத் தெரியுற குரோம் பட்டையோ பிளாஸ்டிக்கோ வெறும் சட்டை. அதுக்குள்ள ஒரு இரும்பு பீம் இருக்கு. அந்த பீமைப் பிடிச்சிட்டு ரெண்டு பக்கமும் பிராக்கெட். பிராக்கெட் போய் உக்கார்றது சேஸிஸோட பின்முனையில. அதாவது வண்டி நீளத்துக்கும் ஓடுற ரெண்டு இரும்புச் சட்டத்தோட கடைசியில. சில பிக்கப்ல சட்டையும் பீமும் ஒரே துண்டாவே இருக்கும். கால் வெச்சு ஏறுறதுக்குப் படி மாதிரி இருக்குமே, அந்த ஸ்டெப் பம்பர்.

நம்ம ஊர்ல எல்லா பிக்கப்புக்கும் இப்படி ஒரு பம்பர் கிடையாது. 2005ல வந்த டாடா ஏஸ், அதான் குட்டி யானை, 2011ல வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி சின்ன சரக்கு வண்டிகள்ல தொட்டிதான் முக்கியம். பின்னாடி அழகுக்கு யாரும் எதுவும் மாட்டி விக்கிறதில்ல. ஸ்டெப் பம்பர், குரோம் எல்லாம் டபுள் கேபின் வண்டிகள் பரவின பிறகுதான் நிறைய கண்ணுல படுது. அதுல ஒரு சென்னைக் கதையும் இருக்கு. இசுஸூ கம்பெனி 2016ல ஸ்ரீசிட்டியில சொந்த ஃபேக்டரி திறக்கறதுக்கு முன்னாடி, டி-மேக்ஸ் பிக்கப்பை நம்ம திருவள்ளூர்ல இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஃபேக்டரியிலதான் பூட்டிட்டு இருந்தாங்க. அம்பாசடர் கம்பெனி கூரைக்குக் கீழ ஜப்பான் பிக்கப்!

அமெரிக்காவுல பிக்கப் கலாச்சாரம் நம்மள விட ரொம்பப் பழசு. அங்கயே ரொம்ப காலம் பல பிக்கப்புக்குப் பின் பம்பர் தனியா காசு கொடுத்து வாங்குற ஆப்ஷனாத்தான் இருந்தது. 1970கள்ல அங்க வந்த பம்பர் சட்டம் கார்களுக்கு மட்டும்தான், பிக்கப்புக்கு இல்ல. அதனாலதான் பிக்கப் பம்பரைக் கழட்டி மாத்துறது அங்க ஒரு சாதாரண பொழுதுபோக்கா வளர்ந்தது. எந்த வருஷத்து பார்ட் எந்த வருஷத்து வண்டிக்குச் சேரும்னு பட்டியல் போட்டு ஹாலண்டர்னு ஒரு புத்தகமே 1930கள்ல இருந்து வந்துட்டு இருக்கு. காயலான் கடைக்காரங்களுக்கு அதுதான் பைபிள். புதுப்பேட்டையில அந்தப் புத்தகம் அச்சுல இல்ல, கடை கல்லாவுல உக்காந்திருக்கிற ஒரு பெரியவரோட தலைக்குள்ள இருக்கு. நான் கிண்டலுக்குச் சொல்லல. சில கடைகள்ல வருஷமும் மாடலும் சொன்னா போதும், ஃபோனைக்கூட பார்க்காம "மேல் ஹோல் சேரும், கீழ் ஹோல் சேராது"ன்னு சொல்லிடுவாங்க.

இங்க எங்க தொழில் பாஷையில ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்: இன்டர்ஃபேஸ். ஃபோன் மாறினாலும் சார்ஜர் சேருதுன்னா, உள்ள எல்லாம் மாறியும் அந்த ஓட்டை மாறலன்னு அர்த்தம். பம்பரும் அப்படித்தான். புது பம்பரோட அழகு, வளைவு, குரோம் எதுவும் முக்கியமில்ல. சேஸிஸ் முனையில இருக்கிற போல்ட் ஹோல்ஸ் மாறியிருக்கா, இல்லையா? அதுதான் கேள்வி.

இதைக் கண்டுபிடிக்க முதல் வழிக்கு ஸ்பேனரே தேவையில்ல, பார்ட் நம்பர் போதும். கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டர்ல பழைய பம்பரோட நம்பரைக் கொடுத்துக் கேளுங்க. சில சமயம் சிஸ்டத்துல 'இதுக்குப் பதிலா இந்த நம்பர்'னு புது மாடல் பார்ட்டே வரும். கம்பெனியே ஒத்துக்கிட்ட மாற்று அது. அதை விட நல்ல பதில் கிடையாது. அப்படி வரலன்னா, பம்பரை விட்டுட்டு பிராக்கெட்டோட நம்பரைக் கேளுங்க. ரெண்டு மாடலுக்கும் பிராக்கெட் நம்பர் ஒண்ணுன்னா, பம்பர் சேர்றதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. பெரும்பாலான பேர் பம்பர் நம்பரை மட்டும் கேட்டுட்டு, "வேற நம்பர், சேராது"ன்னு கேட்டுட்டுத் திரும்பிடறாங்க. நம்பர் வேறயா இருந்தா பொருள் வேறன்னு மட்டும்தான் அர்த்தம். சேராதுன்னு அர்த்தம் இல்ல.

அடுத்தது அளவு. வண்டியை எடுத்துட்டு ஜி.எஸ்.டி. ரோடு, கிண்டி, மவுண்ட் ரோடுன்னு ஊர்ந்து புதுப்பேட்டை போகாதீங்க. ஒரு பெரிய அட்டைப்பெட்டியைக் கிழிங்க. ஆன்லைன்ல வாங்கின ஏதாவது வீட்ல கிடக்கும். பழைய பம்பரைக் கழட்டிட்டு, அட்டையைச் சேஸிஸ் முனையில வெச்சு அழுத்தி, ஹோல்ஸை பென்சில்ல வரைஞ்சு வெட்டுங்க. இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு டேப் வெச்சு அளந்து அட்டையிலயே எழுதிடுங்க. அட்டையைச் சுருட்டிட்டு தாம்பரத்துல லோக்கல் ட்ரெயின் ஏறி எழும்பூர்ல இறங்கினா, புதுப்பேட்டை பக்கம்தான். பம்பர்மேல அட்டையை வெச்சா அஞ்சு நிமிஷத்துல விஷயம் முடிஞ்சிடும்.

ரெண்டு ஹோலுக்கு நடுவுல அளக்கும்போது ஒரு சின்ன வித்தை. ஹோலோட நடுப்புள்ளியைக் கண்ணால தேடாதீங்க. முதல் ஹோலோட இடது விளிம்புல இருந்து ரெண்டாவது ஹோலோட இடது விளிம்பு வரைக்கும் அளங்க. ரெண்டு ஹோலும் ஒரே சைஸ்னா, அந்தத் தூரமும் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி தூரமும் ஒண்ணுதான்.

நீளவாக்குல மட்டும் பார்த்தா போதாது. ஆழமும் வேணும். சேஸிஸ் ஹோல்ல இருந்து தொட்டியோட பின் விளிம்பு வரைக்கும் எவ்வளவு, புது பம்பர்ல ஹோல்ல இருந்து அதோட முன் விளிம்பு வரைக்கும் எவ்வளவு? இங்கதான் நிறைய பேர் ஏமாறுற இடம். பிக்கப்ல தொட்டி தனி, சேஸிஸ் தனி. தொட்டி சேஸிஸ் மேல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். மேடு பள்ளத்துல ரெண்டும் ஒரே மாதிரி அசையாது. சேஸிஸ் கொஞ்சம் முறுக்கிக்கும், தொட்டி அதுக்கு ஏத்த மாதிரி தன் வழியில அசையும். பம்பர் சேஸிஸோட ஆள், தொட்டியோட ஆள் இல்ல. அதனால ரெண்டுக்கும் நடுவுல கம்பெனி வேணும்னேதான் இடைவெளி விட்டிருக்கு. பட்டறையில வண்டி சும்மா நிக்கும்போது "பாருங்க தம்பி, சும்மா கச்சிதமா உக்காந்திடுச்சு"ன்னு காட்டுவாங்க. அந்தக் கச்சிதம்தான் பிரச்சினை. வேளச்சேரி ரோட்டுல நாலு ஸ்பீட் பிரேக்கர் தாண்டினதும் பம்பர் தொட்டியைக் கடிக்க ஆரம்பிக்கும். முதல்ல பெயிண்ட் போகும், அப்புறம் துரு.

பழைய பம்பரைக் கழட்டறதுக்கு முன்னாடியே அந்த இடைவெளியை நாலு இடத்துல அளந்து எழுதி வெச்சுக்கோங்க. பம்பர் வளைஞ்சிருந்தா, வளையாத பக்கத்துல அளங்க. புதுசு வந்த பிறகு அதுக்குக் குறையாம இருக்கணும்.

கூடவே பின் கதவைத் திறந்து முழுசா தொங்க விட்டுப் பாருங்க. புது மாடல்ல கதவு கொஞ்சம் மேல இருந்திருக்கலாம், அதுக்கு ஏத்த மாதிரி பம்பரும் மேல தூக்கியிருக்கலாம். உங்க பழைய கதவு கீழ இறங்கும்போது பம்பர் மேல இடிச்சா, தினமும் அண்டா இறக்குற வண்டிக்கு அது பெரிய தலைவலி.

அதை விடப் பெரிய தலைவலி ஒண்ணு இருக்கு, யாருமே யோசிக்காதது. ஸ்டெப்னி. நிறைய பிக்கப்ல ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில சங்கிலியில தொங்கும். அதை இறக்க ஒரு நீளமான ராடை பின்னாடி இருந்து விட்டுச் சுத்தணும். அந்த ராடு போற ஓட்டை பல வண்டிகள்ல பம்பர்லதான் இருக்கு! புது மாடல்ல அந்த ஓட்டை நாலு விரல் தள்ளி இருந்தா, ராடு உள்ள போகாது, போனாலும் வின்ச்சைத் தொடாது. பட்டறையில இது யாருக்கும் தெரியாது, ஏன்னா அங்க யாரும் ஸ்டெப்னி இறக்கிப் பார்க்க மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு மண்டபத்துல இருந்து திரும்பி வரும்போது, பெருங்களத்தூர் தாண்டி டயர் பஞ்சரானாதான் தெரியும். அதனால பம்பர் மாட்டினதும், கூலி கொடுக்கறதுக்கு முன்னாடி, ஸ்டெப்னியை ஒரு தடவை முழுசா இறக்கி ஏத்திக் காட்டச் சொல்லுங்க. சைலன்சர் வாய் பம்பரைத் தொடாம வெளிய வருதான்னும் அப்பவே குனிஞ்சு பார்த்துடுங்க.

சரி, இப்போ 'வெச்சி'க்கு வருவோம். அளந்து பார்த்தா ஹோல்ஸ் சேரல. என்ன பண்றது?

எவ்வளவு சேரலங்கிறதைப் பொறுத்தது. ஒரிஜினல் பிராக்கெட்லயே ஹோல் வட்டமா இல்லாம ஓவலா இருக்கும், பம்பரை நேர் பண்றதுக்காக. வித்தியாசம் அந்த ஓவலுக்குள்ள அடங்கினா பிரச்சினையே இல்ல, அது 'மாட்டும்'. அதைத் தாண்டினா, முதல்ல புதுப்பேட்டை கடைக்காரர்கிட்ட பம்பரை அதோட பிராக்கெட்டோட சேர்த்துக் கேளுங்க. பல பேர் பம்பரை மட்டும் கழட்டிக் கொடுத்துட்டு பிராக்கெட்டை இரும்பு எடைக்குப் போட்டுடுவாங்க. சேஸிஸ்ல நிறைய சமயம் உங்க மாடலுக்குத் தேவைப்படாத ஹோல்ஸும் சேர்த்தே போட்டிருப்பாங்க, ஒரே சட்டத்தை நாலு விதமான வண்டிக்குப் பயன்படுத்தறதால. புது பிராக்கெட் அந்தச் சும்மா கிடக்குற ஹோல்ல அழகா உக்கார்ந்த கதையும் உண்டு.

அதுவும் இல்லன்னாதான் அடாப்டர் பிராக்கெட், அதாவது பழைய ஹோலுக்கும் புது பம்பருக்கும் நடுவுல ஒரு இரும்புத் துண்டு செஞ்சு போடறது. இதுல நான் கொஞ்சம் கறாரா இருப்பேன்.

மாத்தறதை எல்லாம் பம்பர் பக்கம் மாத்துங்க, சேஸிஸ் பக்கம் கை வைக்காதீங்க. பம்பர் தப்பாப் போனா ஒரு பம்பர்தான் போகும். சேஸிஸ்ல வெல்டிங் வெச்சா, வெல்டிங் பக்கத்துல இருக்கிற இரும்போட குணமே சூட்டுல மாறிடும். வருஷக்கணக்கா அதிர்ந்து அதிர்ந்து அந்த ஓரத்துலதான் கீறல் விடும். சேஸிஸ் சட்டத்தை வெட்டிப் பார்த்தா 'ப' மாதிரி இருக்கும்னு வெச்சுக்கோங்க, சாய்ச்சு வெச்ச 'ப'. அதோட மேல் உதடும் கீழ் உதடும்தான் பாரத்துல அதிகமா இழுபடும், நசுங்கும். நடுச்சுவர்ல அந்த அழுத்தம் கம்மி. அதனாலதான் லாரி கம்பெனிங்க பாடி கட்டறவங்களுக்குக் கொடுக்கிற கையேட்டுல உதட்டுல டிரில் போடாதேன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. "கடைசி முனைதானே தம்பி, அங்க என்ன பாரம்"னு பட்டறையில கேப்பாங்க. வண்டி சும்மா ஓடும்போது அது உண்மைதான். ஆனா பம்பரைப் பிடிச்சு இன்னொரு வண்டியை இழுக்கிற அன்னைக்கும், எவனாவது பின்னாடி வந்து இடிக்கிற அன்னைக்கும் மொத்த பாரமும் அந்த முனையிலதான்.

எந்த வெல்டிங்கா இருந்தாலும், பிராக்கெட்டை வண்டியில இருந்து கழட்டி, தரையில வெச்சுப் பண்ணச் சொல்லுங்க. வண்டியில வெச்சுத்தான் ஆகணும்னா பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டணும், வெல்டிங் எர்த்தை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்துலயே கிளாம்ப் பண்ணணும். இப்போ டீசல் வண்டிக்குள்ளயும் ஒரு கம்ப்யூட்டர் உக்காந்திருக்கு. வெல்டிங் கரண்ட் அது வழியா சுத்தி வந்தா, பம்பர் வாங்கி மிச்சம் பிடிச்ச காசு மொத்தமும் அங்க போயிடும்.

அப்புறம் தடிமன். "ஸ்ட்ராங்கா போட்டுடலாம் தம்பி, யானை இடிச்சாலும் அசையாது"ன்னு சொல்லி பட்டறையில கனமான பிளேட் எடுப்பாங்க. வேண்டாம்னு சொல்லுங்க. பிராக்கெட்டை ஒரு ஃபியூஸ்னு நினைச்சுக்கோங்க. இடி வாங்கும்போது முதல்ல பம்பர் வளையணும், அப்புறம் பிராக்கெட் வளையணும், சேஸிஸ் கடைசி வரைக்கும் நேரா இருக்கணும். நம்ம கேட்டரிங் வண்டியில நடந்தது அதுதானே? தூண்ல இடிச்சதுல பம்பர் மட்டும் வளைஞ்சது. ஃபியூஸ் போன இடத்துல ஆணியை வெச்சு கனெக்‌ஷன் கொடுத்தா, அடுத்த தடவை ஒயரிங்கே எரியும். ஒரிஜினல் பிராக்கெட் எவ்வளவு தடிமனோ அதையே வையுங்க. ரெண்டு துண்டை வெட்டி ஒட்டறதை விட, ஒரே பிளேட்டை மடிச்சுச் செய்ய முடிஞ்சா இன்னும் நல்லது.

போல்ட்டும் முக்கியம். தலையில 8.8னு பொறிச்ச போல்ட் வாங்குங்க. ஒண்ணுமே எழுதாத போல்ட் கேட் மாட்டறதுக்கு ஓகே, பம்பருக்கு இல்ல. பழைய போல்ட்டை மறுபடி போட வேண்டாம், அதுவும் வண்டி ஒரு தடவையாவது வெள்ளத்துல நின்னிருந்தா. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் 2015 டிசம்பர் தண்ணியில நின்ன வண்டிங்க எவ்வளவு இன்னும் ஓடுது! அந்த மாதிரி வண்டியில பம்பர் போல்ட் சுத்தி வெளிய வராது, உடைஞ்சுதான் வரும். முதல் நாள் ராத்திரியே துரு இளக்குற எண்ணெய் அடிச்சு ஊற வெச்சுட்டா பாதி வேலை மிச்சம்.

இவ்வளவு நேரம் நம்ம வண்டியைப் பத்தியே பேசிட்டோம். பின்னாடி வர்றவங்களைப் பத்திப் பேசணும், ஏன்னா பின் பம்பர் பாதி அவங்களுக்காகத்தான் இருக்கு.

1967 ஜூன்ல, நியூ ஆர்லியன்ஸ் பக்கம் ஜேன் மேன்ஸ்ஃபீல்டுங்கிற ஹாலிவுட் நடிகை போன கார், முன்னாடி போன ட்ரெய்லர் லாரிக்கு அடியில பின்னாடி இருந்து புகுந்துடுச்சு. கொசு மருந்து அடிச்ச புகையில லாரி தெரியல. முன் சீட்ல இருந்த மூணு பேரும் இறந்துட்டாங்க. லாரிக்குப் பின்னாடி தொங்குற இரும்புச் சட்டத்தை அமெரிக்காவுல இன்னைக்கும் பல பேர் 'மேன்ஸ்ஃபீல்ட் பார்'னுதான் சொல்றாங்க. கவனிக்க வேண்டிய விஷயம், அந்தச் சட்டத்துக்கான விதி 1950கள்லயே இருந்தது. ஆனா தரையில இருந்து 30 அங்குலம் வரைக்கும் உயரமா இருக்கலாம்னு விட்டிருந்தாங்க. கார் மூக்கு தாராளமா அதுக்குக் கீழ போயிடும். அது 22 அங்குலமா இறங்கினது 1998ல. நடிகை இறந்து 31 வருஷம் கழிச்சு!

ஐ.நா.வோட வாகன விதிகள்ல லாரிக்கான கணக்கு ரொம்ப காலம் 550 மில்லிமீட்டரா இருந்தது. இந்தியாவுலயும் கனரக சரக்கு வண்டிக்கு ஐ.எஸ். 14812னு பின் தடுப்புக்கே தனி தரநிலை இருக்கு. சின்ன பிக்கப்புக்கு அதே விதி அப்படியே பொருந்தாது. ஆனா நானா இருந்தா அந்த 550ஐ ஒரு கோடா வெச்சுப்பேன். வண்டி காலியா இருக்கும்போது அளக்கணும், ஏன்னா லோடு இல்லாதப்போ பின்பக்கம் தூக்கிட்டு நிக்கும். பம்பரோட கீழ் விளிம்பு பழைய பம்பரை விட மேல போயிடுச்சுன்னா, எவ்வளவு அழகா இருந்தாலும் அந்த பம்பர் வேண்டாம்.

நம்ம ஊர்ல பின்னாடி வர்றது கார் மட்டும் இல்லையே. சாயங்காலம் ஆறு மணிக்கு பெருங்களத்தூர்ல இருந்து கிளாம்பாக்கம் வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டுல எந்த பிக்கப்புக்குப் பின்னாடியும் எத்தனை ஸ்கூட்டர் ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு பாருங்க. அவங்க முட்டி உயரத்துலதான் உங்க பம்பரோட ஓரம் இருக்கு. கேஸ் கட்டர்ல வெட்டின பிளேட்டை அப்படியே விட்டா அது கத்தி. புது மாடல் வண்டி அகலமா இருந்து, அந்த பம்பர் உங்க தொட்டியை விட ரெண்டு பக்கமும் நீட்டிட்டு இருந்தாலும் கத்திதான். ஓரத்தை எல்லாம் கிரைண்டர்ல மழுக்கச் சொல்லுங்க. நீட்டிட்டு இருக்கிற போல்ட்டை அளவா வெட்டச் சொல்லுங்க. இதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும், யாரும் தானா பண்ண மாட்டாங்க, கேட்டாதான் பண்ணுவாங்க.

இப்போ சட்டம். நான் வக்கீல் இல்ல, படிச்சதைச் சொல்றேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 52வது பிரிவு சொல்றது இதுதான்: ஆர்.சி.ல இருக்கிற விவரங்கள், கம்பெனி முதல்ல கொடுத்த விவரங்கள்ல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக்கூடாது. 2019 ஜனவரி 9ஆம் தேதி, கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் அதை உறுதியா சொல்லிடுச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. அனுமதி இல்லாத மாற்றம் பண்ற ஓனருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபா அபராதம், இல்லன்னா ரெண்டுமே.

பயந்துடாதீங்க. ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க, பம்பர்னு ஒரு வரியே அதுல இருக்காது. அதே கம்பெனி பம்பர், அதே இடத்துல, நீளமும் அகலமும் விளக்கும் மாறாம உக்காந்தா, அது ரிப்பேருக்குப் பக்கத்துல நிக்குதுன்னு நான் படிச்ச வரைக்கும் தோணுது. பம்பருக்கு மேல கூடுதலா குழாய் வெச்சுப் பூட்டறது வேற கதை. முன்னாடி போடற புல் பார், கிராஷ் கார்டை எல்லாம் கழட்ட வைக்கச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பர்லயே மாநிலங்களுக்கு எழுதிடுச்சு. புது பம்பரோட "இலவசமா" ஒரு பைப் தரேன்னு கடையில சொன்னா, அதை அங்கயே விட்டுட்டு வாங்க.

எஃப்.சி. பத்தி கேட்டிருந்தார். சரக்கு வண்டிக்கு முதல் 8 வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம். அங்க இன்ஸ்பெக்டர் உங்க பம்பர் எந்த மாடல்னு ஆராய்ச்சி பண்றதை விட, விளக்கையும் நம்பர் பிளேட்டையும் பார்க்கறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். விதிப்படி பின் நம்பர் 15 மீட்டர் தூரத்துல இருந்து ராத்திரியிலயும் படிக்க முடியணும், வெள்ளை வெளிச்சத்துல. புது பம்பர்ல நம்பர் பிளேட் விளக்கு வேற இடத்துல இருக்கும், சாக்கெட்டும் வேறயா இருக்கலாம். ஒயரை முறுக்கி டேப் சுத்தி விட்டா ஒரு மழை கூட தாங்காது. பழைய விளக்கோட சாக்கெட்டை வெட்டி, சரியா சேர்த்து, எர்த்தைத் தனியா சேஸிஸ்ல ஒரு சுத்தமான இடத்துல கொடுக்கச் சொல்லுங்க. பெயிண்ட் மேல எர்த்து கொடுத்துட்டு "பல்பு போயிடுச்சு"ன்னு சொல்றவங்க நிறைய பேர்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டின்னா ஹை செக்யூரிட்டி பிளேட் இருக்கும். அதோட லாக் ஒரு தடவைதான், கழட்டினா உடைஞ்சிடும். பிளேட் பம்பர்மேலயே இருந்தா, மறுபடி முறைப்படி பூட்ட வேண்டி வரும். அந்த நாளையும் கணக்குல சேர்த்துக்கோங்க. புது பம்பர்ல ரிவர்ஸ் சென்சாருக்கான வட்ட ஓட்டைகள் இருந்தா, சென்சார் போடுங்க, இல்லன்னா ரப்பர் மூடி போட்டு அடைங்க. திறந்து விட்டா சேறு உள்ள போய் பீம் உள்ளயிருந்து துருப்பிடிக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது பில் கேளுங்க, கையால எழுதினதா இருந்தாலும் பரவாயில்ல. அது எங்க இருந்து வந்த பம்பர்னு நாளைக்கு யாராவது கேட்டா, காட்ட ஒரு காகிதம் வேணும்.

அந்த ராஜகீழ்ப்பாக்கம் நண்பருக்கு நான் எழுதின பதில் இதுதான். பிராக்கெட் நம்பரைக் கேளுங்க. அட்டையை வெட்டி எடுத்துட்டுப் போங்க. ஹோல்ஸ் சேர்ந்தா, இல்ல பிராக்கெட்டோட சேர்த்துக் கிடைச்சா, வாங்குங்க. அடாப்டர் செய்யணும்னா, செலவைக் கூட்டிப் பார்த்துட்டு பழைய பம்பரையே டிங்கரிங் பண்ண என்ன ஆகும்னு ஒரு விலை கேளுங்க. பீம் மடிஞ்சு கிழியாம, வெறும வளைஞ்சிருந்தா பல சமயம் அதுவே முடிஞ்சிடும், குரோம் மட்டும் போகும். கேட்டரிங் வண்டிக்கு குரோம் எதுக்கு? சேஸிஸ்ல வெல்டிங் வெச்சாதான் முடியும்னு சொன்னா, அந்த பம்பர் நம்ம வண்டிக்கு இல்லன்னு முடிவு பண்ணிடுங்க. எஃப்.சி.க்கு ஒரு வாரம் முன்னாடியே வேலையை முடிங்க, முந்தின நாள் வேண்டாம்.

மாட்டின பிறகு, முதல் தடவை முழு லோடு ஏத்தி ஓட்டிட்டு வந்ததும், அதே நாள் எல்லா போல்ட்டையும் ஒரு தடவை ஸ்பேனர் வெச்சுப் பாருங்க. புது பெயிண்ட், புது வாஷர் எல்லாம் அழுந்தி உக்கார்றதால கொஞ்சம் லூஸ் ஆகும். போல்ட் தலையில இருந்து பிராக்கெட் வரைக்கும் வெள்ளை பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போட்டு வெச்சா, அடுத்த தடவை ஸ்பேனரே வேண்டாம். டார்ச் அடிச்சுக் குனிஞ்சு பாருங்க. கோடு உடைஞ்சிருந்தா போல்ட் சுத்தியிருக்கு.